பியானோவின் நீட்டிய சுருதி

கணிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், பியானோவுக்குச் சுருதி கூட்டுவதைப் போன்ற சுலபமான காரியம் வேறொன்று இராது. நடு ஸ்தாயியில் உள்ள 'ஏ' என்ற ஸ்வரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வுகள் என்பது, 1939-ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு வகுத்துத் தந்த பிரமாணம். ஒரு ஸ்தாயி மேலே ஏறினால் அந்த எண் இரட்டிக்க வேண்டும், கீழே இறங்கினால் பாதியாக வேண்டும், இடையே நிற்கும் அரை ஸ்வரங்கள் பன்னிரண்டும் ஒரே விகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக உயர வேண்டும் என்ற விதிகளைக் கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன்கூட 88 கட்டைகளுக்கும் உரிய அதிர்வெண்களை ஒரு சாயங்காலத்தில் எழுதி முடித்துவிடலாம். அவனுடைய பட்டியலில் இடது கோடியிலுள்ள முதற்கட்டைக்கு 27.5 என்றும், வலது கோடியிலுள்ள கடைசிக் கட்டைக்கு ஏறக்குறைய 4186 என்றும் எண்கள் விழும். ஆனால் கைதேர்ந்த ட்யூனர் ஒருவர் தம் காதையே துணையாகக் கொண்டு சுருதி கூட்டிவிட்டுப் போன பியானோ ஒன்றை அளந்து பார்த்தால், நடுப்பகுதியில் மட்டுமே அந்தப் பட்டியல் பொருந்துகிறது என்பதையும், வலப்புறம் போகப் போக ஸ்வரங்கள் கணக்கை மீறி உயர்ந்தும், இடப்புறம் போகப் போகக் கணக்குக்குக் கீழே தாழ்ந்தும் நிற்கின்றன என்பதையும் காணலாம்.

இப்படி இரு கோடிகளிலும் அகலப்படுத்தி வைக்கும் முறைக்கு 'ஸ்ட்ரெச் ட்யூனிங்', அதாவது நீட்டிய சுருதி, என்று பெயர். தந்தியே இல்லாத டிஜிட்டல் பியானோவை வாங்கி வந்து வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் திரையில் தெரியும் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பவர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பெயரைச் சந்திக்கத்தான் செய்கிறார்கள். சில கருவிகளில் அதை இயக்கவோ நிறுத்தவோ மட்டுமே இடமுண்டு. சிலவற்றில் குறைவு, சாதாரணம், அதிகம் என்று பல படிகள் உண்டு. இன்னும் சிலவற்றில் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் சுதந்திரமே கொடுக்கப்பட்டிருக்கிறது. கம்பி தளராத, ஈரக்காற்றில் மரம் உப்பாத, ஆயுள் முழுவதும் சுருதி கலையாத ஒரு மின்சாரக் கருவியில், கணக்குக்கு மாறான இந்த ஏற்பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தந்தியின் ஸ்வபாவத்தில் இருக்கிறது.

தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் அந்த நாதத்துக்குள்ளிருந்தே எழுந்து வருவது நம் சங்கீதப் பழக்கமுள்ள எவருக்கும் தெரிந்த அனுபவம். தந்தி முழு நீளமாக அசைவதோடு, இரண்டு பாதிகளாகவும், மூன்று பாகங்களாகவும், நான்கு, ஐந்து என்று மேலும் மேலும் சிறு பாகங்களாகவும் ஒரே சமயத்தில் அதிர்கிறது. அந்தப் பாகங்கள் எழுப்பும் ஒலிகளையே பௌதிக சாஸ்திரம் மேற்சுரங்கள் என்று அழைக்கிறது. அடிப்படை ஸ்வரம் விநாடிக்கு நூறு அதிர்வுகள் என்றால், மேற்சுரங்கள் இருநூறு, முந்நூறு, நானூறு என்று முழு எண் மடங்குகளில் வரும் என்பதே பாடப்புத்தகம் சொல்லும் இலக்கணம். அந்த இலக்கணம் எடையும் இழுவிசையும் தவிர வேறு குணம் எதுவுமில்லாத ஒரு கற்பனைத் தந்திக்காக எழுதப்பட்டது.

பியானோவில் பூட்டப்படுவதோ கடினமான எஃகுக் கம்பி. தையல் நூலை எந்த வளைவுக்கும் கொண்டுவரலாம், குடைக்கம்பியை வளைத்தால் அது தானாகவே நிமிர முயலும். பியானோவின் தந்தி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதை இழுத்துக் கட்டியிருக்கும் விசை ஒருபுறம் அதை நேராக்க முயல, அதன் விறைப்பு என்னும் சுயகுணமும் சேர்ந்து நேராக்க முயல்கிறது. முழு நீளமாக அசையும்போது தந்தி மெல்லத்தான் வளைகிறது என்பதால் விறைப்பின் பங்கு அற்பம். எட்டாகவோ பத்தாகவோ மடிந்து அதிரும்போது ஒவ்வொரு பாகமும் குட்டையாகி, வளைவு கூர்மையாகி, விறைப்பு தன் பலத்தைக் காட்டிவிடுகிறது. அதன் விளைவாக, அடிப்படை ஸ்வரத்தையே முதலாவதாகக் கொண்டு எண்ணினால், இரண்டாம் மேற்சுரம் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாகவும், நான்காவது அதைவிட அதிகமாகவும், எட்டாவது மிக அதிகமாகவும் விலகி, மேலே போகப் போகத் தன் நியாயமான இடத்தை விட்டு உயர்ந்துகொண்டே போகிறது.

இந்த விலகல் எல்லாப் பியானோக்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மற்றவை மாறாதிருக்க, கம்பியின் விட்டம் இரட்டித்தால் விறைப்பின் விளைவு பதினாறு மடங்காகிறது. நீளம் இரட்டித்தால் அது நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகையால்தான் 274 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்டைன்வே 'டி' போன்ற கச்சேரிப் பியானோவில் விலகல் குறைவாகவும், சுவரோரம் நிற்கும் குட்டையான அப்ரைட் பியானோவில் அதிகமாகவும் இருக்கிறது. மந்தர ஸ்தாயித் தந்திகளுக்குக் கனம் தேவை, ஆனால் கனத்துக்காகத் தடித்த எஃகைப் போட்டால் விறைப்பு கட்டுக்கடங்காமல் போய்விடும் என்பதால், மெல்லிய எஃகுக் கம்பியின்மேல் செம்புக் கம்பியைச் சுற்றி, கனத்தைக் கூட்டி விறைப்பைக் கூட்டாமல் தப்பித்துக்கொண்டார்கள் பியானோ செய்பவர்கள். உச்ச ஸ்தாயியிலோ தப்பிக்க வழியில்லை. அங்கே தந்தி ஒரு விரல் நீளத்துக்குச் சுருங்கிவிடுவதால், தடிமனோடு ஒப்பிட்டால் அது ஒரு சிறு எஃகுத் துண்டாகவே ஆகிவிடுகிறது.

எண்ணில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். நடு ஸ்தாயியின் 'ஏ' தந்திக்கு, பியானோக்களில் சாதாரணமாகக் காணப்படும் விறைப்பை வைத்துக் கணக்கிட்டால், அடிப்படை 440 ஆக இருக்கும்போது இரண்டாம் மேற்சுரம் 880-க்குப் பதிலாக 881-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. எட்டாம் மேற்சுரம் 3520-இல் நிற்க வேண்டியது. அது 3597 வரை போய்விடுகிறது, அதாவது அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உயர்ந்துவிடுகிறது. இப்போது மேல் ஸ்தாயியின் 'ஏ' தந்தியைக் கணக்குப்படி சரியாக 880-இல் நிறுத்தினால், கீழ்த் தந்தியின் 881-ஓடு அது மோதும். அதிர்வெண் சற்றே வேறுபடும் இரண்டு ஒலிகள் சேர்ந்தால் ஓசை ஏறியும் இறங்கியும் அலைவதை நம் பாடப்புத்தகங்கள் விம்மல் என்கின்றன. 880-க்கும் 881-க்கும் இடையே விநாடிக்கு ஒரு விம்மல் எழும். கணக்கு சரியாக இருந்தும் காதுக்கு அது அபஸ்வரமாகவே படும்.

ட்யூனரின் வேலையை அருகிலிருந்து பார்த்தால், அவர் எண்களைத் தேடாமல் இந்த விம்மல்களையே வேட்டையாடுகிறார் என்பது புலப்படும். பியானோவின் நடு ஸ்தாயிக் கட்டை ஒவ்வொன்றுக்கும் மூன்று தந்திகள் உண்டு. சுத்தியல் மூன்றையும் சேர்த்தே அடிக்கும். அவர் ஃபெல்ட் துண்டுகளைச் செருகி இரண்டின் வாயை அடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் பேசவிடுகிறார். 'ஏ' ஸ்வரத்தை இசைக்கவையோடு ஒப்பிட்டு நிறுத்தியபின், நடுவிலுள்ள ஒரே ஸ்தாயிக்குள் பன்னிரண்டு ஸ்வரங்களையும் சமமாகப் பங்கிடுகிறார். அங்கே விம்மல் சிறிதும் இல்லாமற் செய்வது அவர் நோக்கமன்று. நடு 'ஸி'க்குக் கீழுள்ள 'எஃப்' கட்டையையும் அதற்கு மேலுள்ள 'ஏ' கட்டையையும் சேர்த்து அழுத்தினால் விநாடிக்கு ஏழு விம்மல்கள் அளவில் கேட்க வேண்டும், அடுத்த ஜோடியில் அது கொஞ்சம் விரைய வேண்டும், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் விரைய வேண்டும் என்ற கிரமத்தைக் காதினாலேயே பிடிக்கிறார். பிறகு அந்த நடு ஸ்தாயியிலிருந்து மேலும் கீழுமாக ஸ்தாயி ஸ்தாயியாக நகர்கிறார். சாவியை முளையில் மாட்டி, மணிக்கட்டை இம்மியளவு அசைத்து, இரண்டு 'ஏ'க்களின் விம்மல் மெல்ல மெல்லத் தாமதமாகி, நின்று, நாதம் ஒன்றாகிவிடும் இடத்தில் கையை எடுத்துவிடுகிறார். அந்த இடம் 880 ஆக இருப்பதில்லை. 881-ஐ ஒட்டியே இருக்கிறது. அடுத்த ஸ்தாயியை இந்த 881-இன் மேற்சுரத்தோடு அவர் ஒட்டவைப்பதால், விலகலின்மேல் விலகலாகச் சேர்ந்துகொண்டே போகிறது.

கீழ்நோக்கிப் போகும்போதும் இதே நியாயம் தலைகீழாக வேலை செய்கிறது. பியானோவின் கடைசி மந்தர ஸ்தாயியில் அடிப்படை ஸ்வரத்தின் ஒலி மிகப் பலவீனமானது. ஒலிப்பலகை அவ்வளவு தாழ்ந்த அதிர்வைக் காற்றுக்குள் தள்ளும் அளவுக்குப் பெரிதல்ல. மேலே கேட்கும் மேற்சுரங்களை வைத்தே நம் காது அந்த ஸ்வரத்தை உருவாக்கிக்கொள்கிறது. அந்த மேற்சுரங்களோ விறைப்பினால் உயர்ந்து நிற்பவை. அவை மேல் ஸ்தாயியோடு இசைய வேண்டுமானால், தந்தியையே கணக்குக்குக் கீழே தாழ்த்தி வைத்தாக வேண்டும். இரண்டாம் மேற்சுரத்தை ஒட்டவைத்தால் நான்காவது ஒட்டுவதில்லை, நான்காவதை ஒட்டவைத்தால் ஆறாவது சண்டைக்கு வருகிறது என்பதால், உயர்ந்த பகுதியில் ஒரு ஜோடியையும், நடுவில் வேறொன்றையும், மந்தரத்தில் ஆறாம் மேற்சுரத்தையும் மூன்றாம் மேற்சுரத்தையும் சேர்த்த ஜோடியையும் பிரதானமாகக் கொள்வது தேர்ந்த ட்யூனர்களின் வழக்கம். எல்லாவற்றையும் ஏககாலத்தில் திருப்தி செய்ய முடியாது. எதற்கு முதலிடம் கொடுப்பது என்பதில்தான் ஒருவருடைய ரசனை வெளிப்படுகிறது.

ட்யூனர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதினால் செய்துவந்த இந்தக் காரியத்தை எண்களில் பிடித்துக் காட்டியவர், அமெரிக்க பௌதிக அறிஞர் ஓ. எல். ரெயில்ஸ்பாக். அரை ஸ்வரத்தை நூறாகப் பகுத்து ஒவ்வொரு பகுதிக்கும் 'சென்ட்' என்று பெயரிட்ட அளவையை ஆங்கிலேய அறிஞர் அலெக்ஸாண்டர் எல்லிஸ் 1880-களிலேயே கொடுத்துவிட்டிருந்தார். ஸ்வரத்தைச் சூக்ஷ்மமாக அளக்கும் ஸ்ட்ரோபோஸ்கோப் கருவியைக் கொண்டு, நன்றாகச் சுருதி கூட்டிய பியானோக்களை அளந்து ரெயில்ஸ்பாக் 1938-இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நடுவில் ஏறக்குறையத் தட்டையாகவும், வலப்புறம் மேல்நோக்கி வளைந்தும், இடப்புறம் கீழ்நோக்கித் தாழ்ந்தும் செல்லும் அந்த வளைகோடு, இரு கோடிகளிலும் சுமார் 30 சென்ட் அளவுக்குக் கணக்கை விட்டு விலகுகிறது. அதன்படி, கடைசிக் கட்டையின் 4186 என்பது 4259-ஐ ஒட்டியும், முதற்கட்டையின் 27.5 என்பது 27-ஐ ஒட்டியும் போய் நிற்கும்.

இந்த வளைவுக்குத் தந்தியின் விறைப்பே காரணம் என்பதை 1943-இல் ஷக், யங் என்ற இருவர் தந்திகளின் மேற்சுரங்களை அளந்து நிலைநாட்டினார்கள். அதற்கப்பால் எழுந்த கேள்வி இன்னும் சுவையானது: இந்த விலகல் ஒரு குறை என்றால், அது இல்லாத பியானோ இன்னும் இனிமையாக ஒலிக்குமா? செவிப்புலன் ஆராய்ச்சியில் பெரும் புகழ் பெற்ற ஹார்வி ஃப்ளெட்சரும் அவருடைய தோழர்களும் 1962-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பியானோ ஒலியைச் செயற்கையாகப் படைத்து ரசிகர்களுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். மேற்சுரங்களைக் கண்டிப்பாக முழு எண் மடங்குகளில் அடுக்கியபோது அந்த ஒலியில் பியானோவுக்கு உரிய கதகதப்பு இல்லை; மேற்சுரங்கள் இயற்கையில் விலகும் அளவுக்கு விலகியபோதுதான் அது பியானோவாகக் கேட்டது. ஆகவே, எஃகின் குறை என்று கருதத்தக்க அந்தக் குணமே நாம் விரும்பிக் கேட்கும் நாதத்தின் உயிர்நிலையில் ஒரு பாகமாக அமைந்துவிட்டது.

இந்த இடத்தில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில், பியானோச் சுத்தியல் தந்தியைத் தாக்கும் விதத்தைப் பற்றிப் பானர்ஜி என்பவரோடு சேர்ந்து அவர் 1920-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் மிருதங்கத்தைப் பற்றியும் எழுதினார். வெறும் தோலை இழுத்துக் கட்டினால் அதன் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் சிதறிக் கிடக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் பதியப்படும் கரணை அந்தச் சிதறலை ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியத்தைப் போல முழு எண் மடங்குகளில் ஒலிக்கச் செய்கிறது என்பது அவர் கண்டறிந்து சொன்ன உண்மை. நம் வாத்தியக்காரர்கள் பொருளின் ஸ்வபாவத்தையே திருத்தி ஸ்வரத்துக்கு இணங்கச் செய்தார்கள். பியானோ ட்யூனர்கள் பொருளின் ஸ்வபாவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு ஸ்வரத்தை அதற்கு இணங்க நகர்த்தினார்கள். இரண்டு வழிகளும் சென்று சேர்வது ஒரே இடம்: காதுக்குள் மேற்சுரங்கள் மோதாமல் சேர வேண்டும்.

காதுக்கும் இதில் ஒரு பட்சபாதம் உண்டு. மேற்சுரமே இல்லாத சுத்தமான இரண்டு ஒலிகளைத் தனித்தனியாக ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கச் செய்து, இரண்டாவதைச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே வைக்கும்படி கேட்டால், மனிதர்கள் இரண்டு மடங்குக்குச் சற்று மேலேயே வைக்கிறார்கள் என்பதை டபிள்யூ. டி. வார்ட் 1954-இல் எடுத்துக் காட்டினார். தந்தியின் விறைப்பு வேறு, காதின் இந்தச் சாய்வு வேறு. இரண்டும் ஒரே திசையில் இழுப்பதனால் நீட்டிய சுருதி இயல்பாகவே நம் மனத்துக்கு ஒத்துப் போகிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டபின் டிஜிட்டல் பியானோவுக்கு வருவோம். 1970-களின் மின்சார வாத்தியங்கள் பலவற்றில், உச்ச ஸ்தாயியின் பன்னிரண்டு ஸ்வரங்களை மட்டும் உண்டாக்கி, மற்ற ஸ்தாயிகளையெல்லாம் அவற்றை இரண்டிரண்டாக வகுத்தே பெறும் மின்சுற்று அமைந்திருந்தது. அதில் ஸ்தாயிகள் கணிதசுத்தமாக ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட ஒலி ஆர்கனுக்கும் பொருந்தும், வயலின் கூட்டத்தைப் போன்ற நாதத்துக்கும் பொருந்தும், பியானோவுக்கு மட்டும் பொருந்தாது. ஆர்கன் குழலின் நீடித்த ஒலியில் மேற்சுரங்கள் முழு எண் மடங்குகளாகவே இருக்கும். வயலினில் வில் ஒவ்வோர் அதிர்விலும் தந்தியைப் பற்றி விடுவதால் அங்கும் மேற்சுரங்கள் விலகாமல் கட்டுப்பட்டு நிற்கும். விலகாத மேற்சுரத்துக்கு நீட்டாத ஸ்தாயியே சரி. சுத்தியலால் ஒரு முறை அடித்துவிட்டுத் தன் போக்கில் அடங்கவிடும் தந்திக்குத்தான் நீட்சி தேவை.

இன்றைய டிஜிட்டல் பியானோக்களில் பெரும்பாலானவை உண்மையான ஒரு பெரிய பியானோவை ஸ்டூடியோவில் வைத்து, கட்டை கட்டையாக அடித்து, மென்மையாகவும் வன்மையாகவும் பதிவுசெய்த ஒலிகளையே நமக்குத் திருப்பித் தருபவை. அந்தப் பதிவுகளுக்குள் அசல் பியானோவின் விறைப்பும், விலகிய மேற்சுரங்களும் அப்படியே உறைந்து கிடக்கின்றன. ஆகையால் திரையில் நீட்சியை நிறுத்திவிட்டால் அடிப்படை ஸ்வரங்கள் மட்டும் கணக்கின் இடத்துக்கு நகரும். மேற்சுரங்களின் விலகல் அவற்றுக்குள்ளேயே இருந்துகொண்டு மேல் ஸ்தாயியோடு மோதும். நீட்சியை மிக அதிகமாக வைத்தாலும் அதே மோதல் எதிர்த்திசையில் நிகழும். அந்தப் பதிவு எந்தப் பியானோவிலிருந்து வந்ததோ அந்தப் பியானோவுக்கு உரிய நீட்சியே அதற்கு உரிய நீட்சி. தயாரிப்பாளர்கள் தொடக்கத்தில் வைத்துத் தரும் நிலை பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

பதிவைச் சார்ந்திராமல், தந்தியின் நீளம், விறைப்பு, சுத்தியலின் கடினம் முதலியவற்றைக் கணித்தே ஒலியைப் படைக்கும் கருவிகளும் உண்டு. பிரான்ஸ் தேசத்தின் தூலூஸ் நகரைச் சேர்ந்த மொடார்ட் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட பியானோடெக் என்ற மென்பொருளில், தந்தியின் நீளத்தையும் ஸ்தாயியின் நீட்சியையும் தனித்தனியாக மாற்றிப் பார்க்கலாம். எந்த அரங்கிலும் காணக் கிடைக்காத பத்து மீட்டர் நீளப் பியானோவைக்கூட அதில் கற்பனையாகக் கட்டி ஒலிக்கச் செய்ய முடியும். தந்தியை நீட்ட நீட்ட மேற்சுரங்களின் விலகல் குறைந்து, அந்தப் பியானோவுக்குத் தேவையான நீட்சியும் சுருங்கிக்கொண்டே வருவதை அங்கே காதினாலேயே கேட்டு அறியலாம். நீட்சி என்பது கட்டைக்குச் சொந்தமானதன்று, நாதத்துக்குச் சொந்தமானது என்ற தத்துவத்துக்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் கிடைப்பது அரிது.

டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர் இந்தத் தத்துவத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், ஏற்பாடுகளைக் கையாள்வது கடினமல்ல. முதலில் பொதுச்சுருதி 440-இல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒலியில் எதிரொலி, கோரஸ் முதலிய அலங்காரங்களையெல்லாம் நிறுத்திவிட வேண்டும். அவை விம்மலை மறைக்கவும் செய்யும், இல்லாத விம்மலை உண்டாக்கவும் செய்யும். அடுத்து, நடு 'ஏ'யை மட்டும் அழுத்தி அது அடங்கும்வரை கேட்க வேண்டும். மூன்று தந்திகளின் நுண்ணிய வேறுபாட்டினால் ஒற்றை ஸ்வரத்திலேயே ஒரு சிறு அசைவு இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்தாயிகளை ஒப்பிடப் புகுந்தால், அந்த அசைவையே ஸ்தாயியின் குற்றம் என்று மயங்க நேரிடும். பிறகு அந்த 'ஏ'யையும் அதற்கு மேலுள்ள 'ஏ'யையும் சேர்த்தும், அடுத்து இரண்டு ஸ்தாயி இடைவெளியில் வைத்தும், மூன்று ஸ்தாயி இடைவெளியில் வைத்தும், ஹெட்ஃபோனில் நிதானமாகக் கேட்க வேண்டும். இரண்டு ஸ்தாயி இடைவெளியில் நாதம் உருண்டு ஒன்றாகக் கேட்கும் நிலை எதுவோ அதுவே ஏற்ற நிலை. மேல் கோடி மந்தமாகத் தொய்ந்து கேட்டால் நீட்சி போதவில்லை; கூச்சலிட்டு முந்திக்கொண்டு நின்றால் அது மிதமிஞ்சிவிட்டது.

ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே மாற்றும் வசதியுள்ள கருவிகளில் ஆவலை அடக்கிக்கொள்வது அவசியம். முதலில் கருவி தானாகத் தரும் நீட்சியை நிறுத்திவிட்டு, 'ஏ' ஸ்வரங்களுக்கு மட்டும் எல்லைகளை நிர்ணயிக்கலாம். நடு 'ஏ'யைப் பூஜ்யத்தில் வைத்து, மேலே போகும் மூன்று 'ஏ'க்களுக்கு 3, 8, 20 சென்ட் என்று ஏற்றியும், கீழே போகும் நான்குக்கு 1, 3, 7, 15 சென்ட் என்று தாழ்த்தியும் தொடங்கலாம். இவை தொடக்கத்துக்கு ஒரு வழிகாட்டியே. காது கேட்கும் திருத்தங்களை அதன்பின் செய்துகொள்ள வேண்டும். இரண்டு 'ஏ'க்களுக்கு இடையிலுள்ள பதினொரு ஸ்வரங்களையும் வளைவு முறியாமல் படிப்படியாக நிரப்பிக்கொண்டு போக வேண்டும். ஏதோ ஒரு ராகத்தை வாசிக்கும்போது ஒரு கட்டை மட்டும் பிசகுவதாகத் தோன்றினால், அதை மட்டும் தனியே இழுத்துவிடாமல், அதன் இருபுறமுள்ள ஸ்வரங்களோடு சேர்த்துப் பார்ப்பதே விவேகம். தனியே துருத்திக்கொண்டு நிற்கும் ஒற்றைக் கட்டை வேறொரு பாட்டில் பழிவாங்கியே தீரும்.

பியானோ தனியே ஒலிக்கும்போது சொன்ன விதிகள் கூட்டத்தில் மாறுகின்றன. ஆர்கனோ, அகார்டியனோ, மற்ற மின்சாரக் கீபோர்டுகளோ கூட வாசிக்கும் இடத்தில், அவற்றின் ஸ்தாயிகள் கணக்குப்படி நிற்பவையாதலால், பியானோவின் உச்சப் பகுதி தனியே உயர்ந்து ஒலிக்கும்; அங்கே நீட்சியைக் குறைத்துக்கொள்வது மரியாதை. உண்மைப் பியானோ ஒன்றோடு இரட்டை வாசிப்பு நடப்பதானால், அந்தப் பியானோ நீளமானதா குட்டையானதா என்று பார்த்து, அதன் வளைவுக்கு நம் கருவியை இணங்கச் செய்ய வேண்டும். ஒரே கருவியில் பியானோ நாதத்தின்மேல் வயலின் கூட்டத்தின் நாதத்தை அடுக்கி வாசிக்கும் பழக்கமுள்ளவர்கள், இரண்டுக்கும் ஒரே நீட்சி பொருந்தாது என்பதை மறக்கலாகாது. உச்ச ஸ்தாயியில் இரண்டும் சேர்ந்து நடுங்கினால், காரணத்தைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம். மிடி முறையில் பதிவுசெய்து இன்னொருவருக்கு அனுப்பும்போது, எந்தக் கட்டை எப்போது எவ்வளவு வேகத்தில் அழுந்தியது என்ற செய்தியே சாதாரணமாகப் போய்ச் சேர்கிறது. நாம் சிரமப்பட்டு அமைத்த நீட்சி நம் கருவியிலேயே தங்கிவிடும், அங்கே அவருடைய கருவியின் நீட்சியே ஒலிக்கும்.

வீட்டில் தனியே வாசித்துப் பழகும் பெரும்பாலோருக்கு, பியானோ நாதத்தில் கருவி தானாகத் தரும் நீட்சியை அப்படியே விட்டுவிடுவதும், ஆர்கன் முதலிய நாதங்களுக்கு மாறும்போது அது நின்றிருக்கிறதா என்று சரிபார்ப்பதும் போதுமானது. கைப்பேசியிலுள்ள ட்யூனர் செயலியை மேலே வைத்துக்கொண்டு, உச்சக் கட்டை கணக்கை மீறிவிட்டதாக அது காட்டும் ஊசியைக் கண்டு கலங்கி, கருவியில் குற்றமிருப்பதாக முடிவுசெய்துவிடக் கூடாது. அந்த ஊசிக்கு அடிப்படை ஸ்வரம் ஒன்றே தெரியும், மேற்சுரங்களின் உறவு தெரியாது. அந்த உறவைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் உரிமை காதுக்கு உண்டு. ஸ்தாயிகளைச் சேர்த்து அழுத்தி அதன் தீர்ப்பைக் கேட்டபின், திரையில் எந்த எண் தெரிந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கலாம்.